கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கல்யாணத் துண்டு

பட்டுத் துணியை வெந்நீரில் போட்டால் ஒரு வாடை வரும். கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது வருமே, ஏறக்குறைய அந்த வாடைதான். பட்டு என்றதும் பன்னீரையும் சந்தனத்தையும் நினைக்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். எனக்கோ இன்றைக்கும் ஜவுளிக்கடையில் யாராவது பட்டை விரித்துக் காட்டினால் முதலில் அந்த வாடைதான் மூக்கில் ஏறுகிறது. அதன் பின்னாலேயே புளி வாடையும், விறகுப் புகையும், எங்கள் வீட்டு வாசலில் கல் கூட்டி ஏற்றிவைத்த பித்தளை அண்டாவும், அதற்குள் கத்தரிப்பூ நிறத்தில் தளதளவென்று கொதித்த தண்ணீரும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லாதவன், அங்கே இங்கே இழுத்துக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜலகண்டாபுரத்திலிருந்து எடப்பாடி போகிற வழியில் எங்கள் ஊர். பெரிய தெரு என்பது தறி வைத்திருந்தவர்களின் தெரு. எங்கள் தெரு அந்தத் தறிகளைக் கூலிக்கு ஓட்டியவர்களின் தெரு. நடுவில் ஒரு சாக்கடைதான், ஒரு தாண்டு தாண்டினால் போதும். பவர்லூம் போடுகிற சத்தம் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான், மாரியம்மனும் ஒன்றுதான், ஆனால் அந்த அம்மன் முன்னால் யார் எங்கே நிற்பது என்பது மட்டும் ஒன்றாக இல்லை.

பண்டிகைக்கு ஒயிலாட்டம் நடக்கும். காலில் சலங்கை கட்டி, கையில் ஒரு துண்டைப் பிடித்து, தப்பு மேளத்துக்கு அதை வீசிவீசி வரிசையாக ஆடுகிற ஆட்டம். ஒரு கூட்டமாக ஆடுகிறவர்களை "செட்டு" என்போம். பெரிய தெருச் செட்டுக்கு நல்ல சிவப்பில் பட்டுத் துண்டு இருந்தது. பெரியபட்டறைக்காரர் என்று நாங்கள் கூப்பிட்ட தறி முதலாளி ஒருவர் தன் செலவில் சேலத்தில் நெய்து வாங்கிக் கொடுத்தது. அவர்தான் கோயில் காரியங்களுக்கும் தலைவர். சிவப்புத் துண்டுக்காரர்கள் கருவறைக்கு நேர் எதிரே ஆடுவார்கள். எங்கள் செட்டு, குளித்துத் துவட்டுகிற வெள்ளைத் துண்டோடு, கூட்டம் கலைந்து, பொரிகடலைக்காரன் சாக்கை மடிக்கிற நேரத்தில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஆடும். பார்க்க எங்கள் அம்மாக்கள் மட்டும் இருப்பார்கள்.

நான் செட்டில் சேர்ந்த வருசம், காப்புக் கட்டிய அன்று, எங்கள் செட்டுக்கு மூத்தவனான செல்வராசு அண்ணன் கூட்டத்தில் எழுந்து, இந்த வருசம் நாங்களும் முன்னால் ஆடுகிறோம் என்று கேட்டுவிட்டார். பெரியபட்டறைக்காரர் கோபப்படக்கூட இல்லை. வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, "வெள்ளத்துணியத் தூக்கிட்டு ஆத்தா முன்னால வாரதுக்கு இதென்ன எழவூடாடா? வெள்ளை எழவுக்கு, கலரு சாமிக்கு. கலர்ப்பட்டோட வாங்க, நானே தள்ளி நின்னு எடம் உடறேன்" என்றார்.

"சொன்ன வார்த்த மாறப்படாதுங்கண்ணா" என்றார் செல்வராசு அண்ணன்.

"நீ மொதல்ல பட்டைக் கொண்டாடா!"

கூட்டம் சிரித்தது. பட்டு வாங்க எங்களுக்கு வழியில்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளமாக வார்த்தை வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கம்மா."

"ஆரு ஆரு?"

நான் ஒவ்வொரு பேராகச் சொன்னேன். அவள் கடைசிப் பேர் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "செரி. பட்டு நம்ம பொட்டியில இருக்குது. சாயம் போட எனக்குத் தெரியும். எடம் அவரே உடறேன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் உனக்கென்ன கண்ணு கொறை?" என்றாள்.

அவள் சொன்ன பட்டு எங்கள் அப்பாவின் கல்யாணத் துண்டு. எங்கள் பக்கம் எவ்வளவு இல்லாதவன் வீட்டிலும் மாப்பிள்ளைக்குச் சேலத்து வெண்பட்டில் வேட்டியும் துண்டும் எடுத்துவிடுவார்கள். வேட்டி எப்படியோ கை மாறியோ கிழிந்தோ போய்விடும். துண்டு மட்டும் தகரப் பெட்டியின் அடியில், காய்ந்த வேப்பிலைக்குள், நெய் நிறத்தில் பழுத்துக்கொண்டு கிடக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று அப்படிக் கிடந்தது. இந்த விசயம் பெரியபட்டறைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான்; அவருக்கு எங்கள் பெட்டிகளைப் பற்றி யோசிக்க என்ன அவசியம்?

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அவள் பிறந்த வீட்டில் பருத்தி நூலுக்குச் சாயம் முக்கியவள். அதனால் தெருப் பெண்கள் யாரும் அவள் பேச்சைச் சந்தேகப்படவில்லை. எடப்பாடிச் சந்தைக்குப் போய்ச் சாயப் பொட்டலம் வாங்கி வந்தாள். பிரித்துப் பார்த்தால் சிவப்பு இல்லை, கத்தரிப்பூக் கலர். ஏன் என்று கேட்டதற்கு, "செவப்பு போட்டா அவங்களுதக் கேட்டு வாங்குனமாட்ட இருக்கும். நமக்கு எதுக்கு அது?" என்றாள்.

அப்பாவிடம் மட்டும் கேட்க வேண்டியிருந்தது. அவர் பேச்சுக் குறைந்த மனுசர். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்கிறவர்களுக்குக் கத்திப் பேசுகிற பழக்கம் வரும் என்பார்கள். அப்பாவுக்குப் பேசாமலே இருக்கிற பழக்கம் வந்திருந்தது.

"ஏனுங்க, உங்க கல்யாணத் துண்ட எடுத்துக்கட்டுங்களா? பையனுக்கு ஒயிலுக்கு வேணுமாமா."

அப்பா அவளையும் என்னையும் பார்த்தார். "கிழிச்சராத புள்ள" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அண்டா ஏறியது. பொங்கலுக்கும் விசேசத்துக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பித்தளை அண்டா. தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அவரவர் வீட்டுத் துண்டு அவரவர் இடுப்பில். அம்மா பருத்திக்குச் செய்கிற மாதிரியே செய்தாள். தண்ணீர் தளதளத்ததும் சோடா உப்பை அள்ளிப் போட்டாள், கல்லுப்புப் போட்டாள், சாயத்தைக் கரைத்து ஊற்றினாள், துண்டை முக்கி ஒரு கொம்பால் புரட்டிப் புரட்டிக் கொதிக்கவிட்டாள். பருத்திக்கு அதுதான் முறை; கொதிக்கக் கொதிக்கத்தான் சாயம் ஏறும். எங்கள் ஊரில் யாருக்கும் பருத்தியைத் தவிர வேறொன்றும் தெரியாது. பட்டு என்பது செடியில் விளைந்த பஞ்சு இல்லை, ஒரு பூச்சியின் உடம்பிலிருந்து வந்தது, சோடாவில் போட்டால் அது வேகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கும் ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது.

கொம்பால் தூக்கியபோது துண்டு திட்டுத் திட்டாக, ஊறிப்போன அப்பளம் மாதிரி தொங்கியது. மினுமினுப்பு போயே போய்விட்டது. சாயமும் ஏறவில்லை, சாயங்கால மேகம் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் படிந்திருந்தது. அம்மா பதறி, நூல் கற்றையைப் பிழிகிற வேகத்தில் அதை முறுக்கிப் பிழிந்தாள். "டர்" என்று ஒரு சத்தம். நடுவில் இரண்டாகப் போய்விட்டது.

அம்மா கைக்கொரு துண்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பக்கத்து வீட்டுச் சரசக்கா, யார் வீட்டு எழவிலும் ஒரு வார்த்தை கேலி பேசாமல் வரமாட்டாள், "ஏனக்கா, உன்ற கல்யாணமே கிழிஞ்சு போச்சாட்ட இருக்குதே!" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவரவர் துண்டை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அழுகை முட்டியது. துண்டு போனதற்கு இல்லை. இனி எந்த வீட்டுத் துண்டும் இந்த அண்டாவுக்கு வராது, நாங்கள் மறுபடியும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா தலையெல்லாம் பஞ்சோடு வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் கயிற்றில் கிடந்த இரண்டு துண்டங்களையும் எடுத்து, ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்த்தார். பிறகு மறுபடி பிரித்தார்.

"சாயம் புடிச்சுதா?"

"புடிக்கலீங்க."

"அப்பறம் கதவுக்குப் பின்னால நின்னுட்டு என்ன பண்ற? புடிக்க வையி."

பிள்ளைகளே, எங்கள் அப்பா எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னதில்லை. உட்கார வைத்து ஒரு கதை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அது போதுமானதாக இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் அம்மா அண்டாவைத் துலக்க உட்கார்ந்தாள். பித்தளையைப் புளி போட்டுத்தானே துலக்குவோம். தேய்க்கத் துணி தேடினாள். ஆத்திரமோ என்னவோ, கிழிந்த துண்டில் ஒரு பாதியையே எடுத்துப் புளியில் முக்கி, அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சாயக் கறையை வறட்டு வறட்டென்று தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தேய்க்கத் தேய்க்க அவள் கை மெதுவானது, நின்றது. துணியைப் பிழிந்து விரித்தாள். புளி பட்ட இடமெல்லாம் நல்ல கத்தரிப்பூ நிறம் ஏறி, போன மினுமினுப்பில் பாதி திரும்பி வந்திருந்தது. இரண்டு விரலில் பிடித்துக் கசக்கினாள். புதுப்பட்டு கசங்கும்போது "சரக்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது வந்தது. அதைத் தண்ணீரில் போட்டு அலசினாள். சாயம் கொஞ்சம்தான் கலங்கியது.

"சோடா ஆகலடா சாமி இதுக்கு" என்றாள், யாரோ அவளிடம் ரகசியம் சொன்ன மாதிரி. "புளிப்புத்தாண்டா புடிக்குது!"

சரசக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சரசக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போய்த் தன் வீட்டுக்காரர் துண்டை எடுத்து வந்து அண்டா விளிம்பில் போட்டாள். "முக்கு. கிழிஞ்சா நீ ஒருத்தியே பேச்சு வாங்கோணுமா? நானும் வாங்கறேன்" என்றாள். இந்த முறை கொதிக்க விடவில்லை. கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, புளிக்கரைசல் ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலைத்து அலைத்து எடுத்தாள். சரசக்கா வீட்டுத் துண்டு, செடியில் இருக்கிற கத்தரிப்பூவுக்கும் மேல் என்று சொல்லும்படி வெளியே வந்தது.

பிறகு தெருவே வந்துவிட்டது. ஒரு அண்டா பற்றாமல் அவரவர் வாசலில் அவரவர் குண்டானை ஏற்றிவிட்டார்கள். ஒருத்தி புளியை அள்ளிப் போட்டாள், ஒருத்தி அளந்து போட்டாள், ஒருத்தி எலுமிச்சை பிழிந்தாள், ஒருத்தி பேச்சு வாக்கில் ரொம்ப நேரம் ஊறவிட்டுவிட்டாள். வேலியில் காயப்போட்டபோதுதான் தெரிந்தது, ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்று நாவற்பழம், ஒன்று வெங்காயத் தோல், ஒன்று பீட்ரூட்டு, ஒன்று மழைக்கு முன்னால் வானம்.

எனக்குத்தான் முழுத்துண்டு இல்லை. அப்பா துண்டில் நல்ல பாதியை அம்மா மறுபடி முக்கி, ஓரம் மடித்து அடித்துக் கொடுத்தாள். திட்டுப் பிடித்த மற்றப் பாதியையும் முக்கித்தான் பார்த்தாள், திட்டு போகவில்லை. மடித்துப் பெட்டியில் வைக்கப் போனவளை அப்பா தடுத்து, "அது இருக்கட்டும், இங்க குடு" என்று வாங்கிக்கொண்டார்.

பண்டிகை அன்று, பொழுது சாய்கிற நேரம், சிவப்புத் துண்டுக்காரர்கள் ஆடி முடித்ததும் நாங்கள் கருவறைக்கு எதிரே போய் நின்றோம். பெரியபட்டறைக்காரர் எங்கள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"என்னடா இது? ஆளுக்கொரு கலரு. பழந்துணிக்காரன் மூட்டைய அவுத்தாப்பல இருக்குது. இது ஒரு செட்டா? போங்கடா, மரத்துக்கு அந்தப் பக்கம் போங்க."

அப்போது கூட்டத்திலிருந்து எங்கள் அப்பா முன்னால் வந்தார். தலையில் அந்தத் திட்டுப் பிடித்த பாதித் துண்டைக் கட்டியிருந்தார். கிழிந்த ஓரம் பிசிர் பிசிராக நெற்றியில் தொங்கியது. அவர் ஓட்டியது இந்த மனிதரின் தறியை. அடுப்பு எரிவது இந்த மனிதர் தருகிற கூலியில். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தப்புக்காரர் கூடக் குச்சியை நிறுத்திவிட்டார்.

"கலர்ப்பட்டுன்னுதானுங்க சொன்னீங்க" என்றார் அப்பா. "ஒரே கலர்னு சொல்லலீங்களே."

மரியாதையில் ஒரு "ங்க" குறையவில்லை. குரலும் உயரவில்லை. ஆனால் நகரவும் இல்லை. பெரியபட்டறைக்காரர் சுற்றிப் பார்த்தார். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள்தான் நின்றார்கள், இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன வார்த்தையைக் காதால் கேட்டவர்கள் அல்லவா? அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, சொன்னபடியே தள்ளி நின்றார்.

ஆடினோம். எப்படி ஆடினோம் என்று நானே சொல்லக் கூடாது. வெயில் சாய்வாக விழுந்து அந்தத் துண்டுகள் மேலே போகும்போது ஒரு நிறமும் கீழே வரும்போது ஒரு நிறமுமாக இருந்தன என்று சரசக்கா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு எங்கள் மேல் ஊற்றினார்கள். அவசரச் சாயம்தானே, நனைந்ததும் ஒழுக ஆரம்பித்தது. பனியனெல்லாம் ஊதாக் கோடு.

"சாயம் போகுதுடா உங்க பவுசு!" என்று கத்தினார் பெரியபட்டறைக்காரர்.

"போகட்டுமுங்க!" என்று நான் கத்தினேன், எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "எங்க கையிலதானுங்க போகுது!"

மெய்யாகவே கையில்தான் போயிற்று. பண்டிகை முடிந்து பள்ளிக்கூடம் போனபோது வாத்தியார், "கையைக் கழுவிட்டு வாங்கடா" என்றார். "கழுவிட்டுத்தானுங்க சார் வந்தோம்" என்றோம். சோப்புப் போட்டால் போயிருக்கும். நாங்கள் போடவில்லை.

சும்மா முடிந்துவிடவில்லை. பட்டறையில் அப்பாவுக்கு நல்ல தறியை எடுத்துவிட்டு, மூலையில் இழை அறுந்துகொண்டே இருக்கிற பழைய தறியைக் கொடுத்தார்கள். அம்மா முகம் வாடியது. பஞ்சு விழாமல் இருக்கத் தறிக்காரர்கள் தலையில் துணி கட்டுவார்கள். அப்பா அதன் பிறகு தினமும் அந்தக் கத்தரிப்பூப் பட்டைக் கட்டிக்கொண்டு அந்த மூலைத் தறிக்குப் போனார். பட்டறையிலேயே பட்டுத் தலைப்பா கட்டியவர் அவர் ஒருவர்தான், முதலாளி உட்பட.

இப்போது எங்கள் ஊரில் அந்தத் தெருச் செட்டு, இந்தத் தெருச் செட்டு என்று எதுவும் இல்லை. எங்கள் தெருப் பையன்கள் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கும் லாரிக்கும் போய்விட்டார்கள். வெளியூரிலிருந்து ஒரு குழு வேனில் வந்து, ஒரே மாதிரி பாலியஸ்டர் துண்டை வீசி ஆடிவிட்டுப் போகிறது. அதற்காக நான் அழ மாட்டேன். முன்னால் யார், பின்னால் யார் என்கிற சண்டையும் அதோடு போனதென்றால் போகட்டும். என்னிடம் இருந்த பாதித் துண்டு எந்த வீடு மாறும்போது, எந்த மூட்டையில் போயிற்று என்றும் தெரியவில்லை.

அப்பாவின் பாதி போன வருசம் வரைக்கும் இருந்தது. அவர் இறந்தபோது உறவுக்காரர்கள் முறைப்படி ஆளுக்கொரு வெள்ளைத் துணி போர்த்தினார்கள். அம்மா பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துவந்து அவர் தலையில் கட்டினாள். பெரியவர் ஒருவர், "எழவூட்ல கலர்த்துணி ஆகாதாத்தா" என்றார்.

"ஆத்தா முன்னாலயே ஆயிருக்குது. இங்க ஆகாதா?" என்றாள் அம்மா.

அது அவரோடு எரிந்துபோயிற்று. எரியும்போது அந்தப் பழைய வாடை வந்ததா என்று கேட்காதீர்கள். நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

காரியத்தன்று என் மாமா, அம்மாவின் தம்பி, தன் அக்காவுக்கு வெள்ளைக் கோடிச் சேலை கொண்டுவந்தார். எங்கள் பக்கம் புருசனை இழந்தவள் இனி அதைத்தான் உடுத்த வேண்டும். அம்மா தட்டிவிடவில்லை, தம்பி மனம் நோகக் கூடாதென்று இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் போய் வீடு காலியானதும் என்னைக் கூப்பிட்டாள். சேலையின் ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துக் கசக்கி, காதருகே கொண்டுபோனாள். "சரக்" என்றது.

"பட்டுத்தான்" என்றாள். "அண்டாவ எறக்கு சாமி. புளியக் கரை. சோடாப் பக்கம் மட்டும் போயராத."